தோட்டத்துத் திடலில் ஆடியவர்கள்

ரப்பர் மரம் வெயில் ஏறுவதற்கு முன்தான் நன்றாகப் பால் விடும். அதனால் தோட்டத்து ஆள் இருட்டில் எழுந்து பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் சொல்லிவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். பத்து, பதினொரு மணிக்குள் வெட்டு முடியும். பாலெடுத்து, நிறுத்துப் போட்டு, வாளி கழுவி லயத்துக்குத் திரும்ப மத்தியானம் ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். அதற்குமேல் பொழுது அவருடையது. மலாயாத் தோட்டங்களில் காற்பந்தும் சடுகுடுவும் அத்தனை ஆழமாக வேரூன்றியதற்கு நான் சொல்லும் முதற்காரணம் இந்த நேரக்கணக்குத்தான். ஆட ஆசைப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாலு மணிக்கு மேல் ஒரு லயமே வேலை ஓய்ந்து நிற்கும் ஊர் அபூர்வம். பின்னாளில் செம்பனை வந்தபோது முதலில் போனது அந்த மாலை நேரம். குலை அறுப்பதும் சுமப்பதும் வேறு உடம்பைக் கேட்கிற வேலை; அதன்பிறகு ஓடுவதற்குக் காலில் தெம்பு மிஞ்சாது.

தங்காக் ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், லேடாங் மலையடிவாரத்தில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாக வந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூவார் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த இந்த வட்டாரம் 2008ல் லேடாங் மாவட்டம் ஆனது. 2015ல் அதற்குத் தங்காக் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். ஊருக்குள் நுழைந்தால் வரிசையாகத் துணிக்கடைகள். கல்யாணப் பட்டு, திரைச்சீலை, பாஜு கூரோங் துணி என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து வாங்கிப் போகிறார்கள். கடைகளுக்கு நடுவே எங்கே நிமிர்ந்தாலும் மலை தெரிகிறது. 1,276 மீட்டர் உயரம். மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆளனுப்பியபோது, நிறைவேற்ற முடியாத ஏழு சீர்களைக் கேட்டுத் திருப்பியனுப்பிய இளவரசி வாழும் மலை என்பது கதை. ஐரோப்பியர் இதை ஓபிர் மலை என்றார்கள். இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1854ல் ஏறிப் பார்த்திருக்கிறார். இளவரசிக்குத் திரைப்படம் உண்டு, வாலஸுக்குப் புத்தகங்கள் உண்டு. அதே மலையின் அடிவாரத்தில் பால்மரம் வெட்டி, மாலையில் பந்தாடிய தலைமுறைகளைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இங்கே வந்தேன்.

என்னை வரச் சொன்னவர் ஒரு மருத்துவர். தங்காக்கை அடுத்த சாகில் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவரின் மகன். டப்ளினின் இரண்டு மருத்துவக் கல்விக்கூடங்கள் சேர்ந்து 1996ல் பினாங்கில் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கின. முதல் ஆண்டுகளை அயர்லாந்திலும் மீதியைப் பினாங்கு மருத்துவமனை வார்டுகளிலும் படிக்கும் ஏற்பாடு. அந்த வழியாக டப்ளின் போய் வந்த எத்தனையோ மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளில் இவரும் ஒருவர். இவருடைய மருந்தகத்தில், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு மட்டை இருக்கிறது. மூன்றடி நீளம், அடியில் அகன்று வளைந்த தட்டு. ஆஷ் மரத்தின் தண்டு வேரோடு சேரும் இடத்தில் அறுப்பார்களாம். அங்கேதான் மரத்தின் நார் இயல்பாகவே வளைந்திருக்கும், அதனால் அடி தாங்கும். கூடப் படித்த திப்பரேரி மாவட்டத்துப் பையன், தன் கிராமத்துக்கு அழைத்துப்போனபோது கொடுத்தது.

"அங்க ஒரு ஞாயித்துக்கெழம மேட்ச் பாத்தேன் அண்ணே," என்றார் மருத்துவர். "ஆடுறவன்ல ஒருத்தன் பள்ளிக்கூட வாத்தியாரு, ஒருத்தன் மாட்டுப்பண்ண வச்சிருக்கான். ஒருத்தனுக்கும் சம்பளம் கெடையாது. பெறந்த ஊருக்குத்தான் ஆடணும். பாத்துக்கிட்டே இருக்கும்போது எனக்கு எங்க தோட்டத்துத் தெடல் ஞாபகம் வந்துருச்சு."

அந்த ஆட்டத்தின் பெயர் ஹர்லிங். பக்கத்துக்குப் பதினைந்து பேர். மட்டையால் பந்தைத் தரையிலும் அடிக்கலாம், வானத்திலும் அடிக்கலாம், மட்டை நுனியில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடவும் செய்யலாம். கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. இதற்குத் துணையாட்டம் கேலிக் காற்பந்து. அதில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம். அயர்லாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இந்த இரண்டு ஆட்டங்களிலும் ஒரு வரலாறு இருக்கிறது. திப்பரேரிக்கு இருப்பது தொடக்கத்திலிருந்தே இருக்கிற வரலாறு.

1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். ஆட ஆளில்லாமல் பல கிராமங்களில் ஹர்லிங் நின்றே போனது. மிச்சமிருந்த விளையாட்டுப் பந்தயங்களை ஆங்கிலேயப் பழக்கத்தில் ஊறிய கனவான்கள் நடத்தினார்கள். கூலிக்காரனுக்கும் கைத்தொழிலாளிக்கும் அதில் இடம் அரிது. இதைப் பொறுக்காத மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியரும், மோரிஸ் டேவின் என்ற திப்பரேரிக்காரரும் இன்னும் சிலரும் 1884 நவம்பர் 1 அன்று திப்பரேரி மாவட்டத்துத் தர்லஸ் நகரத்து ஹேய்ஸ் ஹோட்டலில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் கேலிக் தடகளச் சங்கம். டேவின் தலைவர். தர்லஸில் இருந்த பேராயர் குரோக் புரவலர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், கோயில்பங்குக்கு ஒரு கழகம் என்று வழி வகுத்தார்கள். வேலைக்காரனுக்கு ஓய்வு கிடைக்கும் நாளிலேயே ஆட்டத்தை வைத்தது எவ்வளவு பெரிய முடிவு என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு உடனே புரியும்.

முதல் நாடளாவிய ஹர்லிங் இறுதியாட்டம் 1888 ஏப்ரலில் பர் என்ற ஊரில் நடந்தது. திப்பரேரிக்காக ஆடிய தர்லஸ் கழகம், கால்வேயின் மீலிக் கழகத்தை வென்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரு முறையாவது ஹர்லிங் கிண்ணத்தைத் திப்பரேரி தூக்கியிருக்கிறது. 2025ல் கார்க் மாவட்டத்தை வென்று தூக்கியது இருபத்தொன்பதாவது. காற்பந்தில் அவ்வளவு இல்லை: 1889, 1895, 1900, 1920 என்று நான்கே நான்கு. ஆனால் அந்த மாவட்டத்தின் நெஞ்சில் காயமாகக் கிடப்பது ஒரு காற்பந்து ஆட்டம்தான். 1920 நவம்பர் 21 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் திப்பரேரியும் டப்ளினும் ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்து சுட்டது. காலையில் தங்கள் உளவாளிகள் கொல்லப்பட்டதற்குப் பழி. பதினான்கு பேர் செத்தார்கள். அவர்களில் சிறுவர்கள் மூவர். இன்னும் ஐந்து நாளில் கல்யாணம் என்றிருந்த பெண் ஒருத்தி. களத்திலேயே விழுந்த திப்பரேரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன், கிரேஞ்மாக்லர் கிராமத்தார். அரங்கின் ஒரு பக்கம் இன்றும் ஹோகன் பெயரில் இருக்கிறது.

நூறு வருஷம் கழித்து, அதே வார இறுதியில், 2020 நவம்பர் 22 அன்று திப்பரேரிக் காற்பந்து அணி 1920ன் வெள்ளை பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கார்க்கோடு ஆடி மன்ஸ்டர் மாகாணக் கிண்ணத்தை வென்றது. 1935க்குப் பிறகு அதுதான் முதல் முறை. இதைச் சொல்லும்போது மருத்துவருக்குக் குரல் ஏறியது. எனக்கு அவர் அடுத்துச் சொன்னதுதான் மனசில் தைத்தது. சுடப்பட்டவர்களில் பலருடைய கல்லறைகள் அடையாளமே இல்லாமல் கிடந்தனவாம். சங்கம் அவற்றைத் தேடிப்போய், சொந்தக்காரர்களோடு பேசி, ஒவ்வொன்றாகப் பெயர் பொறித்த கல் வைத்தது. நாம் நடுகல் கண்ட இனம். விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பேரும் ஊரும் வெட்டி வைத்த வழக்கம் நமக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் கடல் கடந்த பிறகு என்ன எழுதி வைத்தோம் என்ற கேள்வியோடுதான் அன்று சாகில் சாலையில் வண்டியை எடுத்தோம்.

செகாமாட் போகிற சாலை அது. வலப்பக்கமும் இடப்பக்கமும் செம்பனை. மலை கூடவே வருகிறது. ரப்பர் இந்த மண்ணுக்கு வந்த கதையும் மலையைச் சுற்றியே நடந்திருக்கிறது. டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 1896ல் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் போட்டார். பிறகு மலையின் மலாக்காப் பக்கமான புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் கண்டார். ஜொகூர்ப் பக்கமும் காடு வெட்டப்பட்டது. வெட்ட வந்தவர்களில் நம்மவர்கள் உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் வயிறு காய்ந்த மாவட்டங்களிலிருந்து, கங்காணி சொல்லை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கூட்டத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அயர்லாந்தின் பஞ்சமும் நம்முடைய பஞ்சமும் ஒரே முடியாட்சியின் கீழ் நடந்தவை. அவர்கள் நியூயார்க்குக்கு மட்டையைக் கொண்டுபோனார்கள். எங்கள் பாட்டன்மார்கள் கொண்டுவந்த ஆட்டத்துக்கு மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். மூச்சு இருந்தால் போதும்.

சடுகுடு அப்படித்தான் தோட்டத்துக்கு வந்தது. வெளிச்சம் மங்கியபிறகும் ஆடலாம் என்பதால் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கோயில் முன்னால் கோடு கிழித்து ஆடுவார்களாம். காற்பந்து வேறு வழியில் வந்தது. துரைமார்கள் தங்கள் கிளப்பில் ஆடிய ஆட்டம் அது. பிறகு அலுவலகத்துக் கிராணிமார்கள் ஆடினார்கள். திடல் ஒன்றைக் கொடுத்தால் கூலிகள் கள்ளுக்கடைக்குப் போவது குறையும், சங்கம் சேர்வதும் குறையும் என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருக்கலாம். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் கேட்டவற்றில் கள்ளுக்கடையை மூடுவதும், வெள்ளைக்காரர் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதும் இருந்தன. அந்தக் காலத்து மனிதருக்குத் துரை வீட்டுப் பையனின் ஆட்டத்தை வெறுங்காலில் ஆடி, துரையின் கண்ணெதிரே கோல் போடுவது சாதாரண சந்தோஷமாக இருந்திருக்காது. அயர்லாந்துக்காரர்கள் 1971 வரை தங்கள் உறுப்பினர்களுக்கு ஆங்கில ஆட்டங்களைத் தடை செய்தே வைத்திருந்தார்கள். நம்மவர்கள் ஆங்கில ஆட்டத்தைப் பறித்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இரண்டுமே சுயமரியாதைக்கான வழிகள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சாகிலில் ஒரு தேநீர்க் கடையில் மூன்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் பின்னால் நின்று தடுத்தவர், ஒருவர் ஓரத்தில் ஓடியவர். மூன்றாமவர் பந்தே தொட்டதில்லை. சடுகுடுவில் பாடிப் போகிறவர். மருத்துவரை எல்லாரும் "டாக்டர் தம்பி" என்கிறார்கள். அவர் எல்லாரையும் மாமா என்கிறார்.

"பந்து தோலுப்பந்து தம்பி. மழையில நனஞ்சா கல்லு மாதிரி கனக்கும். தலையில வாங்கினா ரெண்டு நாளைக்கு வலிக்கும்," என்றார் தடுப்பாட்டக்காரர். சைக்கிள் பம்பால் காற்றடிப்பார்களாம். சட்டைக்குப் பணம் லயத்துக்கு லயம் பிரிப்பது. குறைந்தால் பெரிய கிராணி போடுவார். வெளித்தோட்டத்துக்கு ஆடப்போனால் நிர்வாகத்தின் லோரி. பின்னால் ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு நடுவே மேளக்காரர், ஓரமாகத் தண்ணிப் பானை. ஜெயித்துத் திரும்பினால் பெரட்டுக்களத்திலேயே லோரியை நிறுத்தி இறங்கி மேளத்தோடு நடந்து வருவார்கள். தோற்றால் லோரி நேராக லயத்துக் கடைசிக்குப் போய்விடும்.

"மேட்டு லயத்து ஆளுங்க பள்ளத்து லயத்துல தண்ணி குடிக்க மாட்டாங்க அப்ப," என்றார் ஓரத்தில் ஓடியவர். "ஆனா டீம்ல நான் பள்ளத்து லயம். எனக்குப் பந்து போடுறவன் மேட்டு லயம். அவன் போட்டாத்தான் நான் ஓட முடியும், நான் ஓடினாத்தான் அவனுக்குப் பேரு." கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, "பந்துக்கு லயம் தெரியாது" என்றார். சாதி ஒழிந்தது என்று அவர் சொல்லவில்லை. கல்யாணத்தில் அது இருந்தது, கோயில் மரியாதையில் இருந்தது. திடலில் தொண்ணூறு நிமிஷத்துக்கு அது வெளியே நின்றது என்றுதான் சொன்னார். அதையே நான் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

அவர்களுக்கு நாயகர்களும் இருந்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆடிய எம். சந்திரன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தென்கொரியாவை வென்று தகுதி பெற்ற அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று நாடே கொண்டாடிய மனிதர். அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அவர் போகவே இல்லை. 1988ல் சாலை விபத்தில் இறந்தார். "அன்னிக்கு எங்க லயத்துல ஒரு வீட்டுலயும் ரேடியோ பாட்டுப் பாடல" என்றார் சடுகுடுக்காரர். 1991ல் ஜொகூர் அணி லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றபோது இவர்கள் வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு லார்க்கின் அரங்கத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். பின்னாளில் கே. ராஜகோபால் பயிற்றுநராக 2010ல் ஆசியான் கிண்ணத்தை வென்று கொடுத்ததும் இங்கே வீட்டுச் செய்தியாகத்தான் பேசப்படுகிறது.

இவர்களுடைய பழைய திடலைக் காட்டச் சொன்னேன். செம்பனைக்குள் வண்டி போனது. கோயில் இருந்தது, வர்ணம் புதுசு. அதற்கப்பால் லயம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரைத் துண்டுகள். திடல் இருந்த இடத்தில் நான்கு பக்கமும் ஒரே அளவில் நட்ட செம்பனை. "இங்கதான் கோலு" என்று தடுப்பாட்டக்காரர் இரண்டு மரத்துக்கு நடுவே போய் நின்று காட்டினார். கைகள் இரண்டையும் விரித்து அகலம் சொன்னார்.

இது எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்களே தோட்டத்தை வாங்க வேண்டும் என்று துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்குக்குப் பத்து வெள்ளி என்று மாதந்தோறும் கட்டிச் சேர்ந்தவர்கள் பால்மரம் வெட்டியவர்கள்தான். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் வாங்கிய முதல் தோட்டம். எல்லாத் தோட்டத்துக்கும் அந்தக் கை எட்டவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுத் திரும்பினார்கள். "எங்க டீம்ல நாலு பேரு போயிட்டான். அப்புறம் கெடச்சவன வச்சு ஆடினோம்" என்றார் ஓரத்தில் ஓடியவர். அப்புறம் ரப்பர் விலை விழுந்தது, செம்பனை ஏறியது. செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆள் குறைவு. 1977ல் பாசிர் கூடாங் துறைமுகம் திறந்தது. தொழிற்சாலைகள் வந்தன. பிள்ளைகள் போனார்கள். பெரியவர்கள் ஓய்வு பெற்றதும் லய வீட்டைக் காலி செய்தார்கள், ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியது.

திப்பரேரியிலும் இளைஞர்கள் டப்ளினுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆள் குறைந்து பக்கத்துக் கழகத்தோடு சேர்ந்து ஆடும் கிராமங்கள் உண்டு. ஆனால் அங்கே திடல் கழகத்தின் சொத்து. ஊர்க்காரர்கள் காசு போட்டு வாங்கி, தங்கள் பேரில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஆள் போனாலும் மண் நிற்கிறது. திரும்பி வருகிறவனுக்கு ஆட இடம் இருக்கிறது. இங்கே ஆள் இருக்கிறார்கள். மூவாரிலும் ஸ்கூடாயிலும் ஜொகூர் பாருவிலும் அந்த ஆட்டக்காரர்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மண்தான் கம்பெனியுடையது, அது கம்பெனியோடு போனது. தோட்டத்துக் காற்பந்து அழிந்ததற்குப் பிள்ளைகளின் சோம்பலையும் கைப்பேசியையும் காரணம் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விளையாட்டு ஒரு துண்டு நிலத்தின்மேல் நிற்கிறது. அந்த நிலத்துக்கு எங்கள் பேரில் பத்திரம் இருந்ததில்லை.

நகரத்தில் மீண்டும் கட்டிப் பார்த்தார்கள். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி 2016ல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. பெட்டாலிங் ஜெயாவின் பேரில் 2019ல் சூப்பர் லீக்கில் ஆடியது. கடைசிப் பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுக்காமல், உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடிய அணி அது. 2022ஓடு லீக்கிலிருந்து விலகிவிட்டது. ஒவ்வொரு முறையும் தமிழ்ப் பேர் ஒன்று ஆட்டக்காரர் பட்டியலில் ஒலித்தபோது எந்தத் தோட்டத்து வழி என்று விசாரிக்கும் வயதானவர்கள் இருந்தார்கள். அந்த விசாரிப்பு மட்டும் ஓர் அணிக்குப் போதவில்லை.

சடுகுடுவின் கதை வேறு மாதிரிப் போயிருக்கிறது. அதற்குத் திடல் வேண்டாம். பத்து மீட்டர் அகலம், பதின்மூன்று மீட்டர் நீளம், பக்கத்துக்கு ஏழு பேர். பள்ளி மண்டபம் போதும். அயர்லாந்தில் 1884ல் நடந்தது கபடிக்கு இந்தியாவில் மெல்ல நடந்தது. 1923ல் பரோடாவில் விதிகள் அச்சாயின; 1936ல் பெர்லின் ஒலிம்பிக் நேரத்தில் அமராவதியிலிருந்து போனவர்கள் ஆடிக் காட்டினார்கள்; 1990ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமானது. 2018ல் ஜகார்த்தாவில் ஈரான் தங்கம் வென்றபோது நம் ஆட்டம் உலகத்துடையதாகிவிட்டது என்று பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கு அடுத்த ஆண்டு ஜூலையில், தங்காக்கிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மலாக்காவில் உலகக் கபடிக் கிண்ணப் போட்டி நடந்தது. ஆண், பெண் இரு பிரிவிலும் இந்தியா வென்றது. சடுகுடுக்காரர் அதைப் பார்க்கப் போயிருந்தார். "பாட்டு இல்ல தம்பி இப்ப. கபடி கபடின்னு ஒரே சொல்லு. முப்பது செகண்டுல திரும்பணும்" என்றார். குறையாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. ஒரு பெண் பிள்ளை மூன்று பேர் பிடியிலிருந்து கோட்டைத் தொட்டதை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். தேநீர்க் குவளை ஆடியது.

சாயங்காலம் தங்காக்கில் ஒரு மண்டபத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் மெத்தை விரித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சியாலாங் சாலைத் தமிழ்ப்பள்ளி, சாகில் தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் செரம்பாங் தமிழ்ப்பள்ளி என்று இந்த வட்டாரத்தில் பேர் சொல்லக்கூடிய பள்ளிகள் சில இருக்கின்றன. தோட்டம் போய்விட்ட பின்னும் தோட்டத்தின் பேரைச் சுமந்துகொண்டிருப்பவை இந்தப் பள்ளிகளும் கோயில்களும்தான். பயிற்சி கொடுப்பவர் தொழிற்சாலை வேலை முடிந்து வருகிற இளைஞர். சம்பளம் கிடையாது. திப்பரேரியில் பார்த்த வாத்தியாரைப் பற்றிச் சொன்னபோது மருத்துவரின் முகத்தில் இருந்த அதே மலர்ச்சியை இவரை அறிமுகப்படுத்தும்போதும் பார்த்தேன்.

இரவு மருத்துவர் வீட்டில் சாப்பாடு. திப்பரேரி நண்பர் தந்த இன்னொன்றையும் எடுத்து வந்து காட்டினார்: அந்த மாவட்டத்தின் ஆட்ட வரலாறு. ஃபோகர்ட்டி என்ற பாதிரியார் எழுதி 1960ல் வந்த புத்தகம். ஒரே ஒரு மாவட்டம். எந்தக் கழகம் எங்கே ஆடியது, யார் யார் ஆடினார்கள், என்ன புள்ளி என்று ஆண்டு வாரியாக அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு கிராமக் கழகங்களும் தத்தம் வரலாற்றைப் போட்டன. பெரிய அறிஞர்கள் எழுதியவை அல்ல. பாதிரியார், ஆசிரியர், தபால்காரர் என்று ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எழுதியவை. 1920ல் சுடப்பட்டவர்களின் கல்லறைகளை நூறு வருஷம் கழித்துத் தேட முடிந்ததே அப்படிப்பட்ட பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

நம்முடைய பக்கம் பாருங்கள். ஜப்பான்காரன் காலத்தில் இந்தத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் பிடித்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். நேச நாட்டுப் படைவீரர்களுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறை. செத்த பல்லாயிரம் தமிழருக்கு அப்படிக் கல்லறை இல்லை. காஞ்சனபுரியில் அவர்களுக்காக ஒரு நடுகல் எழ 2023 ஆனது. அந்தக் கல்லுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் செத்தவனுக்குக் கல் நடுவதற்கு எண்பது வருஷம் ஆயிற்று என்றால், வாழ்ந்தவனின் மாலை நேரத்தை யார் குறித்து வைப்பது? சங்கத் தலைவர்கள், கம்பெனிக் கணக்குகள், வேலைநிறுத்தங்கள் எல்லாவற்றுக்கும் ஆவணம் தேடுகிறோம். ஒரு தோட்டத்தின் பதினொரு பேர் பெயரும் வரலாறுதான். அவற்றைச் சேர்க்கப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. பழைய படம், பேனா, உயிரோடிருக்கும் ஒரு ஆட்டக்காரர், இவ்வளவு போதும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்துக்கு இதைச் செய்யலாம். பத்து வருஷம் கழித்துச் செய்ய முடியாது.

மருத்துவர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார். மறுநாள் காலையில் மூன்று பெரியவர்களையும் மருந்தகத்துக்கு வரச் சொல்லி, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த படத்தை மேசைமேல் வைத்தார். பதினொரு பேர், நடுவில் கிண்ணம், ஓரத்தில் தொப்பி போட்ட கிராணி. ஓரத்தில் ஓடியவர் விரல் வைக்க, மருத்துவர் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார்: பேர், எந்த லயம், எங்கே ஆடினவர், இப்போது எங்கே. ஒன்பது பேர் வரை தடங்கல் இல்லை. பத்தாமவர் கப்பலேறித் தஞ்சாவூர்ப் பக்கம் போனவர். பேர் தெரிந்தது, ஊர் தெரியவில்லை. கோல்காவலர் விஷயத்தில் பந்தாடிய இரண்டு பேரும் வேறு வேறு பேர் சொன்னார்கள். சண்டையே வந்துவிட்டது. கடைசியில் தடுப்பாட்டக்காரர் கைப்பேசியை எடுத்து பாசிர் கூடாங்கில் மகன் வீட்டில் இருக்கும் தன் பழைய தலைவரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார்கள். அந்தப் பக்கம் முதலில் இருமல், பிறகு பேர் வந்தது. இவர்கள் இருவர் சொன்னதும் இல்லை. "அவன் அன்னிக்கு ரிசர்வு கோலி. ஒழுங்கான கோலிக்கு மொதநா வெட்டுக் கத்தி கையில பட்டுருச்சு. ரெண்டு பேரையும் எழுதிக்க," என்றார் அவர். "எழுதிட்டியா? அப்ப அடுத்த வருஷத்து டீமையும் சொல்றேன், எழுது."